கறிக்கோழித் தீவனத்தில் நுண்ணுயிர் எதிர்ப்பியும் அதன் மாற்றுகளும்: விருத்தாசலத்தின் கடலையையும் களிமண்ணையும் முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கறிக்கோழி வளர்ப்பில் நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளுக்கு மாற்றாகத் தீவனத்தில் சேர்க்கப்படும் பொருள்கள் குறித்த தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் ‘எந்த மூலிகை, எவ்வளவு’ என்னும் வினாவோடு நின்றுவிடுகின்றன. இம்மருந்துகள் தீவனத்தினுள் நுழைந்த வரலாற்றை நோக்கின், அவை கொட்டகைத் தூய்மை, தீவனத் தரம், குஞ்சின் குடல்வளம் ஆகியவற்றின் குறைகளை ஒருங்கே மறைத்து வந்தமை புலப்படும். ஆகவே ஒரு பொருள் மட்டும் அவற்றுக்கு மாற்றாதல் அரிது. மாற்றுகளைச் சோதிக்கும் முறையும், அவற்றைத் தெரிவு செய்யும் உரிமை எவரிடம் உள்ளது என்பதும் மறு ஆய்வுக்குரியன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கறிக்கோழி, தீவனச் சேர்மானம், வளர்ச்சியூக்கி, மருந்தெதிர்ப்பு, ஒப்பந்த வளர்ப்பு, விருத்தாசலம்

கடலையும் களிமண்ணும்

மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த விருத்தாசலம், திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயராலும் விருத்தகிரீசுவரர் கோயிலாலும் இலக்கிய மாணவர்க்கு அறிமுகமான ஊர். வணிகர்க்கு அது வேறு இரண்டு பொருள்களால் அறிமுகமானது. ஒன்று நிலக்கடலை. சுற்றுவட்டாரத்துக் கடலையும் எள்ளும் உளுந்தும் அவ்வூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திற்கு வந்து சேர்கின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் அங்கிருந்து ‘வி.ஆர்.ஐ.’ என்னும் முன்னெழுத்துகளைத் தாங்கிய கடலை இரகங்களை வெளியிட்டு வருகிறது. மற்றொன்று பீங்கான். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிப் படுகையை ஒட்டிக் கிடைக்கும் வெண்களிமண் துணையாக, பொம்மையும் அகல் விளக்கும் மின்கருவிப் பாகங்களும் வார்க்கும் சிறுதொழிற்கூடங்கள் அங்குப் பெருகின.

கடலை, களிமண் ஆகிய இவ்விரண்டும் கோழித் தீவனத்தின் உலக வரலாற்றில் எதிரெதிர் இடங்களில் நிற்கின்றன. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓரிலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் அறியப்படாத நோயால் மடிந்தன. காரணம் தெரியாமையின் ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்றே அதற்குப் பெயரிட்டனர். பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பூஞ்சையின் நஞ்சே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அஃப்ளடாக்சின் என்னும் சொல் இங்ஙனம் கடலைப் பிண்ணாக்கின் வழியே அறிவியலுக்குள் வந்தது. அந்நஞ்சைக் கோழியின் குடலிலேயே பற்றிப் பிடித்து எச்சத்தோடு வெளியேற்றும் பொருளாக 1980களின் இறுதியில் அமெரிக்க டெக்சாஸ் ஆய்வாளர்கள் முன்வைத்தது களிமண் இனத்தைச் சேர்ந்த ஓர் அலுமினோ சிலிக்கேட்டை ஆகும்.

நுண்ணுயிர் எதிர்ப்பிக்கு மாற்று என்னும் பொருளில் எழுதுவோர் பூஞ்சை நஞ்சையும் களிமண்ணையும் தனி அதிகாரமாக ஒதுக்கிவிடுவது வழக்கம். அவ்வாறு ஒதுக்குதல் பொருந்தாது. அஃப்ளடாக்சின் கல்லீரலைச் சிதைப்பதோடு கோழியின் நோயெதிர்ப்பாற்றலையும் குன்றச் செய்கிறது. நஞ்சேறிய தீவனம் உண்ட கோழிக்கு இட்ட வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியும் உரிய பயன் தருவதில்லை. தொடர்ந்து ஈகோலை முதலிய நுண்ணுயிர்கள் தொற்றுகின்றன. அப்பொழுது பண்ணையாளர் கையில் எடுப்பது நுண்ணுயிர் எதிர்ப்பியை. ஈரம் உலராத மக்காச்சோளத்தில் தொடங்கிய குறை மருந்துப் புட்டியில் வந்து முடிகிறது. இச்சங்கிலியை முதற்கண் மனங்கொண்டாலன்றி மாற்று என்னும் சொல்லின் பொருள் விளங்காது.

மருந்து தீவனமான வரலாறு

1946இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மூரும் அவர்தம் உடனாய்வாளர்களும் கோழிக்குஞ்சின் உணவில் ஸ்ட்ரெப்டோமைசின் சேர்த்தபொழுது குஞ்சுகள் விரைந்து வளர்வதைக் கண்டு பதிவு செய்தனர். அதனை அப்பொழுது எவரும் பெரிதாகக் கருதவில்லை. சில ஆண்டுகளில் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் ஆகிய இருவர் விலங்குணவில் பி12 உயிர்ச்சத்தின் மலிவான மூலத்தைத் தேடினர். ஆரியோமைசின் மருந்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய நொதிக்கழிவைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தனர். உயிர்ச்சத்தால் எதிர்பார்க்கத்தக்க வளர்ச்சியினும் மிகுதியான வளர்ச்சி கிட்டியது. கழிவில் எஞ்சியிருந்த மருந்தின் சிறுதுளியே அதற்குக் காரணம். இது 1950இல் உலகறிந்த செய்தியாயிற்று. மறு ஆண்டே மருத்துவர் சீட்டின்றித் தீவனத்தில் இவற்றைச் சேர்க்க அமெரிக்க அரசு இசைவளித்தது.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. இம்மருந்து தீவனத்திற்குள் நுழைந்தது நோய் தீர்க்கும் பொருளாக அன்று. ஆலைக்கழிவாக, மலிவான ஊட்டப்பொருளாக நுழைந்தது. ‘வளர்ச்சியூக்கி’ என்னும் பெயர் அதற்கு வாய்த்ததும் அதனாலேயே. அப்பெயர் மருந்தை மருந்தென்று அறியவொட்டாமல் செய்தது. எச்சரிக்கை அன்று இல்லாமலில்லை. 1951இலேயே ஸ்டார், ரெனால்ட்ஸ் ஆகியோர் ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த தீவனம் உண்ட வான்கோழிகளின் குடலில் அம்மருந்துக்கு அடங்காத நுண்ணுயிர்கள் தோன்றியமையைக் காட்டினர். இசைவும் எச்சரிக்கையும் ஒரே ஆண்டில் பிறந்தன. இசைவு மட்டும் அரை நூற்றாண்டு நிலைத்தது.

இதனினும் முதன்மையான சான்று இங்கிலாந்திலிருந்து வந்தது. ரெடிங் நகரில் ஆய்வு செய்த கோட்ஸ் குழுவினர் 1952இல் ஓர் உண்மையைக் கண்டனர். பலமுறை கோழி வளர்த்துப் பழகிய இடத்தில் மருந்து கலந்த தீவனம் வளர்ச்சியைக் கூட்டியது. முன்பு கோழியே வளர்க்காத தூய இடத்தில் அதே தீவனம் குறிப்பிடத்தக்க பயன் தரவில்லை. 1963இல் அவர்கள் நுண்ணுயிரே இல்லாத சூழலில் வளர்த்த குஞ்சுகளிலும் மருந்தால் வளர்ச்சி கூடாமையை நிறுவினர். நுண்ணுயிர் எதிர்ப்பி கோழியை வளர்க்கவில்லை. கோழியின் வளர்ச்சியைத் தடுத்த ஒன்றை அகற்றியது. தடை இல்லாத இடத்தில் அதற்கு வேலையும் இல்லை. மாற்றுகள் குறித்த பிற்கால ஆய்வுகள் மிகுதியாக மேற்கோள் காட்டியிருக்க வேண்டிய இவ்வுண்மையே மிகுதியாக மறக்கப்பட்டது.

பொதுமக்களிடையே நிலவும் ஒரு நம்பிக்கையையும் இவ்விடத்தில் சுட்டவேண்டும். கறிக்கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுவதாலேயே அது நாற்பது நாளில் இரண்டு கிலோ எடை பெறுகிறது என்பது தமிழகத் தேநீர்க் கடைகள் முதல் கல்லூரி வகுப்பறைகள் வரை வழங்கும் கூற்று. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 1957, 1978, 2005 ஆகிய காலங்களைச் சேர்ந்த கோழி வழிகளை ஒரே தீவனத்தில் ஒருங்கே வளர்த்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், 56ஆம் நாளில் அவற்றின் எடை முறையே 905, 1808, 4202 கிராம் என இருந்தது. தீவனம் ஒன்றாக இருக்கவும் எடை நான்கு மடங்குக்கு மேல் கூடியது தலைமுறைத் தேர்வின் விளைவு. ஊசி என்னும் புனைவு பரவிய அளவுக்குத் தீவன மருந்து என்னும் மெய் பரவவில்லை.

மேலைநாட்டுத் தடைகள்

1969இல் பிரிட்டனில் வெளியான ஸ்வான் குழு அறிக்கை, மனித மருத்துவத்திற்குத் தேவைப்படும் மருந்துகளை வளர்ச்சியூக்கியாகப் பயன்படுத்தலாகாது என்றது. சுவீடன் 1986இல் வளர்ச்சியூக்கிப் பயன்பாடு முழுவதையும் தடைசெய்தது. டென்மார்க் 1995இல் அவோபார்சினை விலக்கியது. மருத்துவமனைகளில் இறுதிநிலை மருந்தாக இருந்த வான்கோமைசினுக்கு அடங்காத நுண்ணுயிர்கள் அவோபார்சின் உண்ட கோழிகளிடம் காணப்பட்டமையே காரணம். 2006 சனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் தீவனத்தில் வளர்ச்சியூக்கியாக நுண்ணுயிர் எதிர்ப்பிகள் விலக்கப்பட்டன.

இவற்றுள் தமிழக ஆய்வாளர்க்கு மிகவும் பயன்படுவது டென்மார்க்கின் பட்டறிவு. அங்குக் கறிக்கோழி உற்பத்தியாளர்கள் 1998 பிப்ரவரியில் சட்டத்தின் கட்டாயமின்றித் தாமே கூடி மருந்தை நிறுத்தினர். அதற்கு முன்னும் பின்னுமான மந்தைகளின் பதிவுகளை ஒப்பிட்டபொழுது இறப்பு கூடவில்லை. ஒரு சதுர மீட்டருக்குக் கிடைத்த இறைச்சியும் குறையவில்லை. ஒரு கிலோ எடைக்குத் தேவைப்பட்ட தீவனம் மட்டும் 0.016 கிலோ கூடியது. இரண்டு கிலோ கோழிக்கு 32 கிராம். பத்தாயிரம் கோழி கொள்ளும் கொட்டகைக்கு 320 கிலோ, அதாவது ஐம்பது கிலோ மூட்டை ஆறுக்குச் சற்று மேல். குளிர்நாட்டின் மூடிய கொட்டகைக்கும் பல்லடத்தின் திறந்த கொட்டகைக்கும் வேறுபாடு மிகுதி என்பதால் இவ்வெண்ணை அப்படியே இங்குப் பொருத்தலாகாது. எனினும் இழப்பின் அளவு எத்தகையது என்பதற்கு இது ஒரு குறி.

ஐரோப்பியத் தடையைப் புகழ்வோர் ஒரு விலக்கை மறந்துவிடுகின்றனர். இரத்தக்கழிச்சலைத் தடுக்கத் தீவனத்தில் சேர்க்கப்படும் மொனென்சின், நாரசின் முதலிய அயனோபோர்கள் அங்குத் தடைசெய்யப்படவில்லை. இவையும் நுண்ணுயிர்களிலிருந்து பெறப்படுபவை. குடற்சிதைவு நோயை உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியம் நுண்ணுயிரையும் ஓரளவு அடக்குபவை. வளர்ச்சியூக்கியை நிறுத்தியபின் ஐரோப்பியக் கோழிகள் நலமாக இருந்தமைக்கு இவற்றின் மறைமுக உதவியும் ஒரு காரணம்.

தமிழகத்தில் தீவனத்தைத் தீர்மானிப்பவர்

தமிழகத்தில் நாமக்கல் முட்டைக்கும், பல்லடம், உடுமலைப்பேட்டை, கோவை வட்டாரங்கள் கறிக்கோழிக்கும் பெயர்பெற்றவை. உடுமலைப்பேட்டையில் 1980களில் தோன்றிய சுகுணா நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் பரவலாக்கிய ஒப்பந்த வளர்ப்பு முறை இன்று இத்தொழிலின் பொது நடைமுறை. நிறுவனம் ஒருநாள் குஞ்சையும் தீவனத்தையும் மருந்தையும் மருத்துவ மேற்பார்வையையும் தருகிறது. உழவர் கொட்டகை, தண்ணீர், மின்சாரம், ஆழ்கூளம், உழைப்பு ஆகியவற்றைத் தருகிறார். வளர்ந்த கோழியை நிறுவனமே எடுத்துக்கொண்டு எடைக்கேற்ப வளர்ப்புக் கூலி வழங்குகிறது. தீவன மாற்றுத்திறன் நன்றாக அமைந்தால் ஊக்கத்தொகை, குன்றினால் பிடித்தம்.

இம்முறையில் உழவர் தீவனம் அரைப்பதில்லை, கலப்பதில்லை. மூட்டையைப் பிரித்துத் தீவனத் தட்டில் இடுவது மட்டுமே அவர் செயல். ஆயினும் நுண்ணுயிர் எதிர்ப்பியைக் குறைக்குமாறு அறிவுறுத்தும் துண்டறிக்கைகளும் பயிற்சிக் கையேடுகளும் பெரும்பாலும் ‘பண்ணையாளர்களே’ என்றே விளிக்கின்றன. தீவன ஆலையின் கலவைக்கூடத்தில் எடுக்கப்படும் முடிவுக்குக் கொட்டகையில் நிற்பவரிடம் பொறுப்புக் கேட்பது முறையன்று. குடிநீரில் கலக்கும் மருந்து அவர் கையில் இருக்கலாம்; தீவனத்தில் கலந்து வருவது அவர் கையில் இல்லை. சொந்தமாகத் தீவனம் வாங்கி வளர்க்கும் சிறு பண்ணையாளர்க்கும் இப்பாகுபாடு ஓரளவே தளரும். அவரும் ஆலைத் தீவனத்தையே வாங்குகிறார்.

மருந்தெதிர்ப்பின் பரவலை அளந்த இந்திய ஆய்வுகளுள் 2017இல் வெளியான பஞ்சாப் ஆய்வு குறிப்பிடத்தக்கது. 18 பண்ணைகளின் 530 கோழிகளிடமிருந்து பெற்ற 1556 ஈகோலை மாதிரிகளை அது சோதித்தது. பெனிசிலின், செபலோஸ்போரின் வகை மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் நொதியைச் சுரப்பவை கறிக்கோழிப் பண்ணைகளில் 87 விழுக்காடு, முட்டைக்கோழிப் பண்ணைகளில் 42 விழுக்காடு. குறுகிய வாழ்நாள் கொண்ட கறிக்கோழியிடம் மிகுதியான எதிர்ப்பு காணப்பட்டமை, நாற்பது நாள் வாழ்வில் அது உட்கொள்ளும் மருந்தின் செறிவை உணர்த்துகிறது.

எச்சமும் எதிர்ப்பும் வெவ்வேறு என்பதையும் பிரித்தறிதல் வேண்டும். 2014இல் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தில்லி வட்டாரத்தில் திரட்டிய 70 கோழி மாதிரிகளில் 40 விழுக்காட்டில் மருந்தெச்சம் கண்டது. அறுவைக்குச் சில நாள் முன்பு மருந்தை நிறுத்தினால் எச்சம் நீங்கும். ஆனால் கோழியின் குடலில் தோன்றி, எருவாகி வயலுக்குச் சென்றுவிட்ட எதிர்ப்பு நுண்ணுயிர் அந்த இடைவெளியால் நீங்காது. ‘எச்சமற்ற கோழி’ என்னும் விளம்பரம் உண்மையாகவே இருந்தாலும், மருந்தெதிர்ப்பைப் பற்றி அது எதுவும் கூறுவதில்லை.

மாற்றுகள்: ஒவ்வொன்றும் ஒரு பகுதி

நுண்ணுயிர் எதிர்ப்பி ஒரே பொருளாக நின்று மறைத்த குறைகளை மாற்றுகள் பகுதி பகுதியாகவே தீர்க்கின்றன. நன்மை செய்யும் நுண்ணுயிர்களின் வரலாறு இதற்கு நல்ல சான்று. 1970களின் தொடக்கத்தில் பின்லாந்துக் கறிக்கோழிகளிடையே சால்மொனெல்லாத் தொற்று பரவியது. நூர்மி, ரன்டாலா ஆகிய இருவரும் வளர்ந்த கோழியின் குடற்பொருளைப் பொரித்த குஞ்சுகளுக்குப் புகட்டி அவை தொற்றிலிருந்து காக்கப்படுவதை 1973இல் வெளியிட்டனர். இதன் உட்பொருளைத் தமிழகக் கிராமத்துக் கொல்லைப்புறத்தில் வைத்தே விளக்கலாம். நாட்டுக்கோழிக் குஞ்சு தாயோடு மண்ணைக் கிளறி, தாயின் எச்சத்தையும் கொத்தித் தன் குடலில் நுண்ணுயிர்க் குடியிருப்பை அமைத்துக்கொள்கிறது. பொரிப்பகத்துக் குஞ்சு தாயைக் கண்டதே இல்லை. அதன் குடல் குடியேறுவோர் இல்லாத வெற்றிடம். முதலில் வருபவர் அதனைக் கைப்பற்றுவர். நன்மை செய்யும் நுண்ணுயிரைத் தீவனத்தில் சேர்ப்பது, நோக்கின், தொழில்முறை பறித்துக்கொண்ட தாயை ஓரளவு திருப்பித் தரும் முயற்சியே. குருணைத் தீவனம் செய்யும் வெப்பத்தில் லாக்டோபேசில்லஸ் மடிந்துவிடும். பேசில்லஸ் இனத்தின் வித்துகள் தாங்கும். ஆலைகள் பின்னதை விரும்புவதன் காரணம் இதுவே.

பார்மிக், புரொப்பியானிக், பியூட்டிரிக் முதலிய கரிம அமிலங்கள் தீவனத்தின் பூஞ்சையையும் குடலின் சால்மொனெல்லாவையும் அடக்குகின்றன. ஈஸ்ட் செல்சுவரிலிருந்து பெறும் மன்னான் சர்க்கரைகள் நோய்நுண்ணுயிர் குடற்சுவரில் ஒட்டாமல் தடுக்கின்றன. 1990களின் தொடக்கத்தில் வணிகத்திற்கு வந்த பைட்டேஸ் முதலிய நொதிகள் செரியாத மிச்சத்தைக் குறைத்து, அதை உண்டு பெருகும் நுண்ணுயிர்க்கு உணவில்லாமற் செய்கின்றன.

மூலிகைகள் தமிழ்ச் சூழலில் தனிக் கவனத்திற்குரியன. ஐரோப்பிய நிறுவனங்கள் விற்கும் தாவர எண்ணெய்ச் சேர்மானங்களின் முதன்மைப் பொருள்கள் தைமால், கார்வக்ரால் ஆகியன. தைமால் நம் அடுக்களை ஓமத்தில் மிகுதியாக உண்டு. முதல் உலகப் போருக்கு முன் ஜெர்மனி இந்திய ஓமத்தை இறக்குமதி செய்தே தைமால் வடித்தது. ஏற்றுமதியான விதையின் சாரம் ஒரு நூற்றாண்டுக்குப் பின் தீவனச் சேர்மானமாகத் திரும்பி வருவது பொருளியல் வரலாற்றார் கவனிக்கத்தக்க முரண். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி முன்னின்று வளர்த்த மரபுவழிக் கால்நடை மூலிகை மருத்துவம், சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, வெங்காயம், கீழாநெல்லி ஆகியவற்றைக் கோழிக்கும் பரிந்துரைத்தது. வீட்டுப் பொருள்களைக் கொண்டு உழவரே ஆக்கிக்கொள்ளத்தக்க முறையாக அமைந்தமை அதன் சிறப்பு. பத்துப் பதினைந்து கோழி வளர்ப்போர்க்கு அது பொருந்தும். பத்தாயிரம் கோழிக்கு வரும்பொழுது வேறு வினாக்கள் எழுகின்றன. மணமூட்டும் எண்ணெய் குருணை ஆலையின் வெப்பத்தில் ஆவியாகும். ஒரே மூலிகையின் வீரியம் மண்ணுக்கும் பருவத்திற்கும் ஏற்ப மாறும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர் 1988இல் கீழாநெல்லி இனம் ஒன்று மஞ்சட்காமாலை பி வகை நச்சுயிரியைத் தாங்கியோரிடம் பயன்தந்ததாக லான்செட் இதழில் எழுதினர். பிற நாட்டு ஆய்வுகள் சில அம்முடிவை மீளப் பெற இயலவில்லை. மனிதரிடத்தே இத்துணை வேறுபட்டது கோழியிடத்தே எவ்வாறு ஒருபடித்தாகும் என்பது கேட்கத்தக்க கேள்வி.

மீண்டும் களிமண்ணுக்கு வரலாம். களிமண் என்னும் பொதுப்பெயர் இங்கு வழுவுக்கு இடந்தருகிறது. அஃப்ளடாக்சினைப் பற்றுவது பென்டோனைட்டில் உள்ள மான்ட்மொரில்லோனைட் கனிமம். அதன் மெல்லேடுகள் நீரில் விரிந்து இடையே நஞ்சை ஏற்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் இப்பயன்பாட்டுக்கு ஏற்பளித்ததும் பென்டோனைட்டுக்கே. பீங்கானுக்கு உகந்த வெண்களிமண் கயோலின் இனத்தது; அதன் ஏடுகள் விரிவதில்லை. ஆகவே விருத்தாசலத்துத் தொழிற்கூடங்களின் களிமண் சூளைக்குச் சிறந்ததாயினும் நஞ்சு பற்றுவதற்குச் சிறந்ததன்று. இயற்கைப் பொருள் என்பதாலேயே தீங்கற்றது என்னும் முடிவும் ஏற்கத்தக்கதன்று. 1997இல் அமெரிக்காவில் கோழி இறைச்சியில் டையாக்சின் நஞ்சு மிகுந்திருந்தது கண்டறியப்பட்டது. காரணம் தேடியபொழுது சோயாப் பிண்ணாக்குக் கட்டிபடாமல் இருக்கச் சேர்த்த பந்துக் களிமண் அகப்பட்டது. மிசிசிப்பிச் சுரங்கத்திலிருந்து தோண்டிய அம்மண்ணில் ஆலைக்கழிவு எதுவும் கலக்கவில்லை. நஞ்சு மண்ணின் படிவிலேயே இருந்தது. அதே இனக் களிமண்ணைத்தான் பீங்கான் தொழிலும் பயன்படுத்துகிறது. பீங்கான் ஊரின் மண் கோழித் தீவனத்திற்கு உதவுமா என எவரேனும் ஆராயப் புகுந்தால், நஞ்சு பற்றும் ஆற்றலை அளப்பதற்கு முன் டையாக்சினையும் கன உலோகங்களையும் அளந்தாக வேண்டும்.

சோதனை முறையின் குறை

மாற்றுகள் பற்றிய ஆய்வேடுகள் பெரும்பாலும் ஒரே வடிவின. சில நூறு குஞ்சுகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்தும் மற்றவற்றுக்கு மாற்றுப் பொருளும் கொடுத்து, இறுதியில் எடை ஒத்திருப்பின் ‘மாற்று மருந்துக்கு நிகர்’ என முடிவு கூறுவது அவ்வடிவம். கோட்ஸ் குழுவினர் 1952இல் கண்டதை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பல்கலைக்கழகக் கொட்டகை நன்கு கழுவப்பட்டது, நெருக்கம் குறைந்தது, தீவனம் சோதிக்கப்பட்டது. அச்சூழலில் மருந்தே பயன் தராமல் இருக்கக்கூடும். பயன் தராத மருந்துக்கு நிகர் என்பது பயன் தராமைக்கு நிகர் என்றே பொருள்படும். எதுவும் சேர்க்காத குழுவைவிட மருந்துக் குழு மிகுதியாக வளர்ந்ததா என்பதை முதலில் காட்டி, அதன்பின் மாற்றுக் குழுவை ஒப்பிடும் ஆய்வே சான்றாகும். நோய்நுண்ணுயிரைத் திட்டமிட்டுப் புகுத்தியோ, பலமுறை வளர்த்துப் பழகிய ஆழ்கூளத்தில் வளர்த்தோ சோதிப்பது மேலும் வலுவானது. கோடையில் பல்லடத்துக் கொட்டகையின் வெப்பமும், கடினநீரும், மழைக்கால மக்காச்சோளத்தின் ஈரமும் ஆய்வகத்துக்குள் வருவதில்லை. ஒப்பந்தப் பண்ணைகளின் பதிவேடுகளில் அவை அனைத்தும் உள. டென்மார்க் ஆய்வு அத்தகைய பதிவேடுகளிலிருந்தே எழுதப்பட்டது.

சட்டமும் கணக்கும்

2007இல் இந்தியத் தர அமைவனம் வெளியிட்ட கோழித் தீவனத் தரக்குறிப்பு, உடல் முழுதும் பரவிச் செயல்படும் நுண்ணுயிர் எதிர்ப்பிகளை வளர்ச்சியூக்கியாகச் சேர்க்கலாகாது என்று பரிந்துரைத்தது, அது கட்டாயமாகவில்லை. 2012இல் மருந்து விதிகளில் செய்த திருத்தம், மருந்து நிறுத்த வேண்டிய நாள் புட்டியில் குறிக்கப்படாவிடில் இறைச்சிக்கோழிக்கு 28 நாள் எனக் கொள்ளச் சொன்னது. நாற்பது நாள் வாழும் கோழிக்கு 28 நாள் இடைவெளி என்பது அதன் வாழ்நாளில் பெரும்பகுதி. கடைப்பிடிக்க இயலாத விதி ஏட்டில் கடுமையாகவும் கொட்டகையில் வெறுமையாகவும் இருக்கும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

கோலிஸ்டின் தடை மட்டும் வேறு வகையினது. 2010இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் குமாரசாமி முதலாசிரியராக இருந்து வெளிவந்த ஆய்வு, சென்னை உள்ளிட்ட இடங்களின் நோயாளிகளிடம் என்.டி.எம்.-1 என்னும் எதிர்ப்பு மரபணுவைப் பதிவு செய்தது. அந்நுண்ணுயிர்கள் பெரும்பாலும் அடங்கியது டைகிசைக்ளின், கோலிஸ்டின் ஆகிய இரண்டுக்கே. மருத்துவர்க்கு எஞ்சிய அவ்விரண்டுள் ஒன்று கோழித் தீவனத்தில் வளர்ச்சியூக்கியாகவும் வழங்கிவந்தது. 2015இல் சீனாவில் பன்றிகள், கடை இறைச்சி, நோயாளிகள் ஆகியோரிடம் கோலிஸ்டின் எதிர்ப்பை நுண்ணுயிருக்கு நுண்ணுயிர் கடத்தும் எம்.சி.ஆர்.-1 மரபணு காணப்பட்டது. இந்திய நல்வாழ்வு அமைச்சகம் 2019 சூலையில், உணவுக்கான கால்நடை, கோழி, மீன் வளர்ப்பு, தீவனச் சேர்மானம் ஆகியவற்றிற்குக் கோலிஸ்டின் உற்பத்தியையும் விற்பனையையும் தடைசெய்தது. உழவரை நோக்கிய அறிவுரையாக அன்றி உற்பத்தியாளரையும் விற்பனையாளரையும் நோக்கிய ஆணையாக அமைந்தமையே இத்தடையின் தனித்தன்மை. முடிவெடுப்பவர் இருக்கும் இடத்திற்கு அது நேரே சென்றது.

இப்போக்கு பிற மருந்துகளுக்கும் விரியுமாயின், அடுத்து எழுவது வளர்ப்புக் கூலிக் கணக்கு. ஆலை தன் கலவையிலிருந்து மருந்தை நீக்குகிறது எனக் கொள்வோம். அமிலமும் நன்மை செய்யும் நுண்ணுயிரும் பென்டோனைட்டும் சேர்க்கிறது. அப்பொழுதும் தீவன மாற்றுத்திறன் டென்மார்க்கில் போலச் சற்றுக் குன்றலாம். ஊக்கத்தொகைக்கான அளவுகோல் மருந்து கலந்த தீவனத்தின் காலத்தில் வகுக்கப்பட்டது. அவ்வளவுகோலை மாற்றாமல் கலவையை மட்டும் மாற்றினால், பத்தாயிரம் கோழிக் கொட்டகையின் அந்த ஆறு மூட்டைத் தீவனத்தின் விலை ஆலையின் ஏட்டில் ஏறாது. கலவையில் கைவைத்திராத உழவரின் கூலியிலிருந்து கழியும்.